மாஸ்டர் திறக்காத படலை

1. இரண்டு கடிதங்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ் அச்சகத்தில் டைப்செற்றிங் செய்துகொண்டிருந்தேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கான அந்தியேட்டி மலர் எல்லாம் என் கொம்பியூட்டர் வழியாகத்தான் போகும். கவிதைப் புத்தகம் அபூர்வம். போட்டாலும் வாசகர் கடிதம் வராது. அதனால் சிவக்கொழுந்து மாஸ்டரின் தொகுப்பு வெளிவந்த மூன்றாம் வாரம், ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தபோது, முதலாளி அவற்றைச் சிரித்தபடி என் மேசையில் வைத்தார்.

மாஸ்டருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. டோர்செட் பார்க்கில் மகளோடு அப்பார்ட்மென்ற் ஒன்றில் இருந்தார். பல வருடம் எழுதாமல் இருந்துவிட்டு எழுதிய தொகுப்பு அது. அதில் ஒரு கவிதை. ஊரில், போர்க்காலத்து ஊரடங்கு நாளில் ஒரு பெடியன் வீட்டு வேலிப் படலையடியில் நின்று தண்ணீர் கேட்கிறான். கவிஞர் செம்பில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவன் குடித்துவிட்டுப் போகிறான். அவ்வளவுதான்.

முதல் கடிதம் மிசிசாகாவிலிருந்து, காணாமல் போன ஒருவனின் தாய் திரேசம்மா எழுதியது. ‘அவனுடைய சட்டைப் பையில் சேப்டி பின் குத்தியிருந்ததா? பை கிழிந்திருந்தது. அன்று காலை நான்தான் குத்திவிட்டேன்.’ இரண்டாவது ஸ்ரௌவ்வில்லிலிருந்து. ‘என்னோடு படித்தவன் காணாமல் போன அன்று பையில் சேப்டி பின் குத்தியிருந்தான். இவன் அவன்தானா?’ எழுதிய இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

கவிதையில் சட்டையும் இல்லை, பின்னும் இல்லை. கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தேன். ஒரு வரியை மாஸ்டர் கறுப்பு மையால் அடித்திருந்தார். டைப் பண்ணும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ‘கிழிந்த பையில் ஊசி மினுங்கியது.’

தாளை உடனே கீழே வைத்துவிட்டேன். பிறகு மாஸ்டருக்குப் போன் எடுத்தேன்.

“மாஸ்டர், நீங்கள் வெட்டின வரியைப் பற்றி ரெண்டு பேர் கேட்டு எழுதியிருக்கினம். ஒராள் தாய்.”

மறுமுனையில் அறைக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அந்த வரியை ஆருக்கும் காட்டினனீரோ, பிள்ளை?”

“இல்லை மாஸ்டர்.”

“அவவை இஞ்சை வரச் சொல்லாதேயும்.” போனை வைத்துவிட்டார்.

2. திரேசம்மா

சொல்லாமலே அவர் வந்தார். அடுத்த செவ்வாய் மத்தியானம், எயர்போட் கிச்சின் யூனிபோமோடு, மூன்று பஸ் மாறி வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தார். கவிஞரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்றார். மாஸ்டரைத் திரும்ப அழைத்து நிலைமையைச் சொன்னேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் ரக்சியில் வந்து இறங்கினார்.

“அவன் தண்ணி குடிச்சவனோ?” திரேசம்மா கேட்ட முதல் கேள்வி.

“கவிதையில இருக்குதுதானே அம்மா,” என்றார் மாஸ்டர்.

“ஓம். அதை வாசிச்ச உடனை எனக்கு நிம்மதியாப் போச்சு. நான் சமைச்சுக்கொண்டு நிக்கேக்கை பின்னால வந்து, ‘அம்மா தண்ணி’ எண்டு கேக்கிறவன். திரும்பினா ஆள் இருக்காது. ஒன்பது வருசமா இப்பிடித்தான். இனிக் கேக்கமாட்டான் எண்டு நினைச்சன். நேற்றும் கேட்டவன். அதுதான் வந்தனான்.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கொம்பியூட்டர் திரையைப் பார்த்தேன்.

“நான் படலையைத் திறக்கேல்லை,” என்றார். “யன்னலுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டனான். பயம். மூண்டு தரம் கேட்டவன். பிறகு ஆமி ஜீப் வந்து ஏத்திக்கொண்டு போச்சுது.”

“மூண்டு தரமோ?”

“ஓம்.”

“எனக்கும் மூண்டு தரந்தான் கேக்கும்.”

என் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. கதவு சாத்தித்தான் இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

திரேசம்மா அழவில்லை. எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். “நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ மாஸ்டர்,” என்று மட்டும் சொன்னார்.

3. மாற்றிய பக்கம்

விற்காத பிரதிகள் கட்டுக்கட்டாக அச்சகத்திலேயே கிடந்தன. மாஸ்டர் அந்தக் கவிதையை நடந்தபடியே திருத்தி எழுதினார். வெட்டிய வரியையும் சேர்த்தார். பழைய பக்கத்தை அறுத்து, புதியதை நானே ஒவ்வொன்றாக ஒட்டினேன்.

அதற்குப் பிறகுதான் கடிதங்கள் உண்மையில் வரத் தொடங்கின. பாதிக்கு மேல் ஏச்சு. ஒரு கூட்டத்தில் மாஸ்டருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். அவனோடு படித்த ஸ்ரௌவ்வில்காரருக்கு நான் திருத்திய பிரதியை அனுப்பியிருந்தேன். புத்தகம் தபாலில் திரும்பி வந்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் எல்லாக் கடிதங்களையும் வாசித்தார். ஒன்றுக்கும் மறுப்பு எழுதவில்லை.

ஒரு மாதம் கழித்துத் திரேசம்மாவுக்குப் போன் எடுத்தேன். மகன் இன்னும் வருகிறானா என்று எப்படிக் கேட்பதெனத் தெரியாமல் தடுமாறினேன். அவருக்கு விளங்கிவிட்டது.

“வாறவன் பிள்ளை. இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை. சும்மா நிக்கிறான்,” என்றார். பக்கத்தில் நிற்பவரைக் குழப்பக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அதன்பின் பதினெட்டு வருடம் அந்த வேலையில் இருந்தேன். புறூவ் பார்ப்பதென்றால் எழுத்துப்பிழை பார்ப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிறகு, பிரதியில் அடித்த வரி கண்டால் எழுதியவரை அழைத்து ஏன் வெட்டினீர்கள் என்று கேட்கப் பழகினேன். சிலர் கோபித்தார்கள். சிலர் பேச்சை மாற்றினார்கள். நான் வற்புறுத்தவில்லை. வாசிக்கிறவர்களில் யாரோ ஒருவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.