சேனை வைத்த விரல்

எனக்கு எழுத வராது. பத்தாவதோடு படிப்பு முடிந்தது. நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சம். இதையெல்லாம் எழுத நீ யார் என்று கேட்காதீர்கள். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சுனாமி வந்த மறுவருஷம், எனக்குப் பதினோரு வயது. புவனகிரியில் வாழ்க்கைப்பட்டிருந்த சித்திக்கு மாதம் நிறையாமலே, சிதம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண் குழந்தை பிறந்தது. எட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்துவிட்டு, ஒன்பதாம் நாள்தான் சித்தியின் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அன்றைக்கே அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கடலூரிலிருந்து பஸ் ஏறினாள்.

வார்டு வாசலில் ஒரு சிஸ்டர் எங்களை நிறுத்தினார். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடுவதில்லையாம். அம்மா கெஞ்சியதில் இரக்கப்பட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லி, வராந்தாக் கோடியில் இருந்த குழாயடிக்குக் கூட்டிப்போய், விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவவைத்தார். பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, தொடுவதென்றால் ஒவ்வொரு தடவையும் கை கழுவ வேண்டும் என்றார். நான் நன்றாகக் கழுவினேன் என்று என்னை மட்டும் பாராட்டினார்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் கூடைக்குள் சர்க்கரைத் தண்ணீர் இருந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் யார் இனிப்பைத் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். சேனை வைப்பது என்று அதற்குப் பெயர். எட்டு நாள் தள்ளிப்போனதே அம்மாவுக்குப் பெரிய குறை. சேனை அவளுக்கு ஆகாரத்தில் சேர்த்தியே இல்லை. ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் சித்தப்பா, தானே வைப்பதாகக் கையை நீட்டினார்.

“வாணாம்க்கா,” என்றாள் சித்தி. “இவுரு கோவம் வூட்டுக்கு ஒண்ணு போதும்.”

சித்தப்பாவே சிரித்துவிட்டார். தம்பி நான் நான் என்று குதித்தான். அம்மா என்னைப் பார்த்தாள்.

“நீ வைடி. ஒன்ன மாதிரி அடக்கமா வளரட்டும்.”

ஊமைக்கோட்டான் என்று எல்லோரும் கேலி செய்த என்னை, அந்தக் குணத்துக்காகவே ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கை கழுவிய பிறகு நான் தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டிருந்தேன். கட்டிலுக்கு அடியில் உருண்ட ஆரஞ்சை எடுத்திருந்தேன். அது ஞாபகம் வரத்தான் செய்தது. ஆனால் குழாயடிக்குப் போய்வருவதற்குள் அம்மா தம்பியை வைக்கச் சொல்லிவிடுவாளோ என்று பயம். விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீரில் முக்கி, நாக்கில் வைத்தேன். பிள்ளை என் விரலைச் சப்பியது.

மூன்றாம் நாள் அது பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. மறுபடியும் பெட்டியில் வைத்தார்கள். சேதி தெரிந்து நாங்கள் ஓடியபோது டாக்டர் எல்லோரையும் நிற்கவைத்து, “வெளியிலேர்ந்து ஏதாச்சும் குடுத்தீங்களா? பயப்படாம சொல்லுங்க,” என்று கேட்டார். சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா இல்லை என்றாள். அந்த சிஸ்டர் குனிந்து என்னிடம் தனியாகக் கேட்டார். என்னைப் பாராட்டியவரிடம் கெட்ட பேர் வாங்க மனசு வரவில்லை. நானும் இல்லை என்று தலையாட்டினேன்.

பிள்ளைக்குக் கிருமி தொற்றிவிட்டது என்றார்கள். அது எந்த வழியாகவும் போயிருக்கலாம். என் விரல்தான் காரணம் என்று யாரும் சொன்னதில்லை. மறுபடி கை கழுவாததை நானும் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. பல வருஷம் கழித்து என் மகள் பிறந்தபோதுதான் ஒரு நர்ஸம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: என்ன கொடுத்தார்கள், யார் தொட்டார்கள் என்று தெரிந்தால் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு அது ஒரு பிடிமானமாம். டாக்டர் எங்களைத் திட்டுவதற்காகக் கேட்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பிள்ளையைப் பிழைக்கவைக்க எங்களிடம் உதவி கேட்டார் என்பது எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் கேட்ட அன்று சாயந்தரமே சித்தியின் பிள்ளை இறந்துபோனது. மறுநாள் புவனகிரியில் அடக்கம் செய்தார்கள். எனக்கு அரைப் பரீட்சை இருந்ததால் பள்ளிக்கூடம் போனேன்.