நீராவி எஞ்சின் பக்கத்தில் ஒரு போட்டோ

கொடைக்கானல் மலையில் கவுஞ்சி எங்கள் ஊர். பூண்டு விவசாயம் செய்கிறோம். என் நாத்தனார் செல்வி போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸாகி, அடுத்து வரும் ஓட்டத் தேர்வுக்காகத் தினமும் வெள்ளனே எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் நான்தான் அவளை ஊட்டி மலை ரயிலுக்குக் கூட்டிப்போனேன்.

வழியில் பழைய நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றது. எல்லோரும் இறங்கினோம். செல்வியை எஞ்சின் சக்கரத்தை ஒட்டி நிற்கச் சொல்லிப் போனை எடுத்தேன்.

“தள்ளி நில்லுங்கம்மா, அடியில எப்ப வேணா ஆவி அடிக்கும்” என்றார் டிரைவர். செல்வி உடனே விலகிவிட்டாள்.

“ஒரு நிமிஷம்ணே” என்று அவரிடம் சொல்லிவிட்டு, “அவுக அப்படித்தான் சொல்லுவாக, நீ போய் நில்லு” என்று அவளைத் திரும்ப அனுப்பினேன். நான் போட்டோ எடுப்பதற்குள் அடியிலிருந்து ஆவி சீறியது. அவளுடைய வலது பாதம் வெந்துவிட்டது.

ஓட்டத் தேர்வு நடந்த அன்று கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தாள். அடுத்த தேர்வு வந்தபோது வயது வரம்பு தாண்டிவிட்டது. இப்போது எங்களோடு பூண்டு பிடுங்குகிறாள். ஒரே ஒரு முறைதான் கேட்டாள்: “நான் வெரசா வெலகிட்டேன்ல, மதினி?”

இப்போதெல்லாம் மூட்டை ஏற்றும் லாரிக்காரர் தள்ளி நிற்கச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் தள்ளி நின்றுவிடுகிறேன். அந்தப் புத்தி எனக்கு வர, செல்விக்கு வரவிருந்த போலீஸ் வேலை போக வேண்டியிருந்தது.