மச்சான் மறைத்த சர்க்கரை

கொரோனாவுக்கு முன்பு நானும் என் அக்கா வீட்டுக்காரரும் மாதம் ஒருமுறை திருவரங்குளத்தில் முதல் பஸ் பிடித்து, மாத்திரை வாங்கப் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். இருவருக்குமே இதயத்தில் ஸ்டென்ட். எனக்கு அது ஒன்றோடு சரி. மச்சானுக்குச் சர்க்கரையும் உண்டு, கிட்னியும் கொஞ்சம் கெட்டிருந்தது. "ஒனக்கு ஒரு நோயி, எனக்கு மூணு. யாருக்கு மாப்ள மரியாதை அதிகம்?" என்பார்.

மச்சான் சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்ததும் எதிர்க் கடையில் நாலு இட்லி. மறுபடி ரத்தம் எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும். மனிதர் சும்மா உட்கார மாட்டார், காம்பவுண்டைச் சுற்றி விறுவிறுவென்று நடப்பார். நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும், நர்ஸம்மாவிடம் திட்டு வாங்காமல் தப்பிக்கலாம் என்று கணக்கு. அளவு குறைந்திருந்தால் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சீட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டுவார். அந்தச் சந்தோஷத்தில் ஒரு கேசரியும் உள்ளே போகும். நோயாளிகள் இருவர் போய்வந்த மாதிரியே இருக்காது. அந்தக் காலைகளுக்காக இப்போதும் மனம் ஏங்குகிறது.

கொரோனா இரண்டாவது முறை ஊருக்குள் வந்தபோது, வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். சர்க்கரை, பிரஷர், இதய நோய் உள்ளவர்களைக் கேட்டு எழுதினாள். நான் உள்ளதைச் சொன்னேன். பக்கத்து வீட்டில், தன் வாசலில் நின்ற மச்சான், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார்.

"அப்படியாண்ணே?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் போனதும், "சுகர்னு எழுதுனா ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க மாப்ள" என்றார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தப் பயத்தில்தான் மறைத்தார்கள்.

பட்டியலில் இருந்தவர்களுக்கு அவள் தினமும் விரலில் மிஷின் மாட்டிப் பார்த்தாள். எனக்குக் காய்ச்சல் வந்து ஆக்சிஜன் குறைந்த அன்றே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. மச்சானோ மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைத்திருக்கிறார். நாலு நாள் கழித்து, மூச்சு வாங்கிய பிறகுதான் என் வார்டுக்கு வந்து சேர்ந்தார்.

"சுகர் ஏதும் இருக்காய்யா?" என்று டாக்டர் கேட்டார். மச்சான் இல்லையென்று தலையசைத்தார். அப்போதும்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து, "இருக்கு சார். சுகர் இருக்கு, கிட்னி கெட்டிருக்கு, ஸ்டென்ட் வச்சிருக்கு" என்று கத்தினேன்.

"ஹார்ட்டோட இத்தனையும் இருந்தா மொத நாளே வந்திருக்கணுங்க. ஒடம்பு தாங்காது" என்றார் டாக்டர்.

மச்சான் என்னை முறைத்தார். அந்த முறைப்போடுதான் அவரை ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பிழைத்து வீட்டுக்கு வந்தேன். அவர் வரவில்லை.

"அந்தக் கணக்கெடுத்த பிள்ளைய என்ன சொல்றது? இவரு மறைச்சா அதுக்கு எப்புடித் தெரியும்?" என்று அக்கா இப்போதும் சொல்வாள். அந்தப் பெண் என்னையும் கேட்டாள் என்பதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.