பெட்ரோல் முள்ளும் என் வீட்டுக்காரரும்

எங்கள் காரின் பெட்ரோல் முள்ளைப் போல வாய்கூசாமல் பொய் சொல்லும் சாமானை நான் இன்னும் பார்க்கவில்லை. டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் பெங்களூர் போய்ச் சேரும்வரை உச்சியிலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கும். பாதிக்கு வந்ததும் அதற்கு என்ன அவசரமோ, மளமளவென்று இறங்கும். தங்கச் சுரங்கம் இருந்த சாம்பியன் ரீப்ஸில், மேட்டில் இருக்கும் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் நிற்கும்போது ஒரு கணக்கு, அதே வண்டி சமதரைக்கு வந்தால் வேறு கணக்கு. பெட்ரோல் தீரப்போகிறது என்று எச்சரிக்கும் சின்ன விளக்கு ஒன்று உண்டு. இரண்டு பேர் ஓட்டிச் சலித்து வண்டி எங்களிடம் வந்தபோதே அது செத்துப்போயிருந்தது.

ஊர் சுற்றுவதற்காக நாங்கள் கார் வாங்கவில்லை. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அது கண்ணுக்குப் போய், இடது கண் இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணையாவது காப்பாற்ற வேண்டுமானால் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்று பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதலில் ரயிலில்தான் போனோம். ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டு கட்டோடு திரும்பும்போது, கூட்டத்தில் யாருடைய பையோ அந்தக் கட்டின் மேலேயே இடித்தது. அவர் சத்தம்கூடப் போடவில்லை. நான்தான் பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அதற்கடுத்த மாதம் கார் வந்தது. அவரால் ஓட்ட முடியாது, ஆகவே நான் கற்றுக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில் எல் போர்டு மாட்டிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் நான் ஓட்டிப் பழகியதை அங்கே கடை வைத்திருப்பவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்கு அந்த ஒரு கண் வேண்டும்.

அவர் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவர். ஷாஃப்டு என்கிற செங்குத்துக் குழிக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டை, கேஜ் என்பார்கள், மேலே ஓர் எஞ்சின் அறையில் உட்கார்ந்தபடி இயக்குகிற வேலை. உட்கார்ந்த இடத்திலிருந்து கேஜ் தெரியாது, ஷாஃப்டும் தெரியாது. எதிரே பெரிய வட்ட டயல் ஒன்று. கேஜ் எந்த லெவலில் இருக்கிறது என்று அதன் முள் சொல்லும். கீழேயிருந்து மணி அடிப்பார்கள். அவ்வளவுதான். அந்த அறையில் டிரைவரிடம் யாரும் பேசக் கூடாது என்று பலகையே மாட்டியிருந்தார்களாம். வீட்டில் சாவு விழுந்து ஆள் வந்தாலும், ஷிப்ட் முடிந்து அவர் நாற்காலியை விட்டு இறங்கின பிறகுதான் விஷயத்தைச் சொல்வார்கள். அவருடைய அப்பா போன செய்தியே அவருக்கு அப்படி மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அதில் அவருக்குக் குறையே இல்லை, அப்படித்தான் இருக்கணும் என்பார். சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் காரில் என்னோடு பேச மாட்டார். ஏனென்றால் ஓட்டுகிற ஆள் நான். பாட்டுப் போடவும் கூடாது. கூட ஒரு மனுஷன் இருந்தும் தனியாகப் போவது போலத்தான் பெங்களூருக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

முள்ளின் தகிடுதத்தம் தாங்காமல் ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் பின்சீட்டைத் தூக்கி, டேங்க்கின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு கம்பியை எடுத்துக் காட்டினார். நுனியில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுமுனை ஒரு பட்டையில் உரசிக்கொண்டே நகரும். அது உரசும் இடத்தைப் பார்த்துத்தான் முள் ஏறுவதும் இறங்குவதும்.

"பட்டை தேஞ்சி போயிருக்குது அக்கா. மாத்திடலாம். ஆனா புதுசு போட்டாலும் கரெக்டா காட்டும்னு நெனைக்காதீங்க" என்றார்.

"ஏன், புதுசுக்கு இன்னா வந்துச்சி?"

"டேங்க்கு இன்னா சதுர டப்பாவா? மேல அகலம், கீழ குறுகல், நடுவுல பள்ளம். மெதவை ஒரே மாதிரி எறங்கினாலும் பெட்ரோல் ஒரே மாதிரி கொறையாது. ரொப்பினதும் மெதவை மேல போயி முட்டிக்கும். கொஞ்சம் செலவானாத்தான் நகரவே ஆரம்பிக்கும். உங்க வூட்டாண்ட மேடு வேற. மூக்கைத் தூக்கி நிறுத்தினா பெட்ரோல் அத்தனையும் பின்னால வந்துடுது. மெதவையும் பின்னாலதான் இருக்குது. இல்லாததை இருக்குதுன்னு காட்டும்."

"சமதரைக்கு வந்ததும் ஒழுங்கா காட்டலாம் இல்ல?"

"ஒடனே காட்டாது. ரோட்டுல பெட்ரோல் தளும்பறப்போ முள்ளு குதிக்கக் கூடாதுன்னு, மெதுவா நகர்ற மாதிரிதான் அதை வெச்சிருக்காங்க."

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஆச்சரியமாகவே இல்லை. கேஜைத் தாங்கும் வைண்டிங் கயிறும் அப்படித்தான் என்றார். நாளாக நாளாகக் கயிறு நீளும். டயல் முள்ளுக்கு அது தெரியாது, பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் கயிறு சுற்றும் டிரம்மில் வெள்ளைக் கோடு போட்டுவைத்து, கேஜ் அசையாமல் நிற்கும்போது கோட்டையும் முள்ளையும் சரிபார்த்துக்கொள்வார்களாம்.

"பொய் சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். தெனமும் ஒரே அளவு பொய் சொல்லுதான்னு மட்டும் பாரு. அதைக் கழிச்சிக்கலாம்" என்றார்.

பட்டையை மாற்றினோம். அன்றிலிருந்து எங்கள் வண்டிக்கு ஒரு சட்டமும் வந்தது. வீட்டு வாசலில் முள்ளைப் பார்க்கக் கூடாது. பக்கத்துப் பேட்டையான கோரமண்டலைத் தாண்டி ரோடு சமமாக இருக்கும் இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே வண்டியை நிறுத்தி, ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்து, முள் அடங்கின பிறகுதான் பார்க்க வேண்டும். அங்கேதான் அவர் வாயைத் திறப்பார். "முள்ளு எங்க?" நான் சொல்வேன். தலையை ஆட்டுவார். பக்கத்துச் சீட்டிலிருந்து பார்த்தால் முள் சரியாகத் தெரியாது, அதனால் கேட்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நான் உள்ளே போவதில்லை. நிறுத்திய வண்டியை எந்த நேரமும் எடுக்கச் சொல்வார்கள், நீ வண்டிகிட்டவே இரு என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் போவார். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்களாம். நன்றாகப் படித்தார். எவ்வளவு நன்றாக என்றால், பொங்கலுக்குப் பிறகு ஊசியை மாதம் ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒன்றாகத் தள்ளிவைத்தார்கள். கண்ணைப் படம் எடுப்பதையும் தள்ளிப்போட்டார்கள். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். பேப்பர் படிப்பதை அவர் அந்தச் சமயத்தில்தான் விட்டார். அதில் என்ன இருக்கிறது என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஆடி மாதம். பெங்களூர் போக வேண்டிய நாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் லைனில் தண்ணீர் வந்தால் மற்ற வேலையெல்லாம் நிற்கும். நான் வாளியில் பிடித்துக் கொடுக்க, அவர் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் பாதித் தண்ணீர் குடத்துக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"கொடத்துக்கு வாய் எங்க இருக்குதுன்னுகூடத் தெரியலையா? இன்னா நெனப்புல ஊத்தறீங்க?"

"கை தவறிடுச்சிம்மா."

"கை தவறும், கால் தவறும். வாரம் முச்சூடும் தண்ணிக்கு நான் எங்க போறது?"

அவர் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருந்தால் என் கோபம் அங்கேயே தீர்ந்திருக்கும். பேசாமல் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். வாசலில் பார்க்கக் கூடாத முள்ளைப் பார்த்தேன். கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. போய்ச் சேரப் போதும், திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

டீக்கடை வந்தது. வண்டியை நிறுத்தினேன், ஆனால் இறங்கவில்லை.

"முள்ளு எங்க?" என்றார்.

"கால்வாசிக்கு மேல" என்றேன், முள் பக்கம் திரும்பாமலே. அவர் தலையை ஆட்டினார். உடனே வண்டியை எடுத்துவிட்டேன்.

நரசாபுரம் தாண்டி ஹைவேயில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. உருட்டி ஓரம் கட்டினேன். முள் அடியில் படுத்திருந்தது. எதிரில் லாரிகள் சீறிக்கொண்டு போயின. பத்தரை மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், அப்போதே ஒன்பது ஆகப்போகிறது. தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினேன். பாட்டிலில் பெட்ரோல் தர மாட்டார்கள் என்று சொன்ன அந்த டிரைவர், தன்னிடம் ஒரு கேன் இருப்பதாகவும், சரக்கை இறக்கிவிட்டு வாங்கிக்கொண்டு வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் காரிலேயே உட்கார்ந்திருந்தோம்.

"டீக்கடையாண்ட முள்ளு எங்க இருந்துச்சி?" என்று கேட்டார்.

"பாக்கல."

"பாக்காமயா சொன்னே?"

"ஆமா. கோவத்துல சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். அவர் தன் உள்ளங்கைகளைத் தடவிக்கொண்டு, "சரி, விடு" என்றார். அவ்வளவு சுலபமாக விட்டது எனக்குப் புதிதாக இருந்தது.

டெம்போக்காரர் சொன்னபடி வந்தார். நல்ல மனுஷன், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. வழக்கமாகப் போகும் அறையைப் பூட்டிவிட்டார்கள். மாடியில் வேறொரு அறைக்குப் போகச் சொன்னார்கள். தெரியாத இடம் என்பதால், வண்டியை யார் எடுக்கச் சொன்னாலும் சொல்லட்டும் என்று விட்டுவிட்டு நானும் கூடவே போனேன்.

அந்த அறைச் சுவரில் எழுத்துப் பலகை இல்லை. டிவி மாதிரி ஒரு திரை இருந்தது. அங்கிருந்த பெண் விளக்கை அணைத்துவிட்டு, படிக்கும்படி கன்னடத்தில் சொன்னாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று இங்கிலீஷ் எழுத்துகளாகச் சொல்ல ஆரம்பித்தார். முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. ஓர் இடத்திலும் தடங்கல் இல்லை. திரையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதிலும் எழுத்தே இல்லை, எல்லாம் எண்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

"அங்கிள், இது நம்பர்" என்றாள் அந்தப் பெண்.

அவர் நிறுத்திவிட்டார். நான் பக்கத்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

கீழே அந்தப் பழைய அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது, உள்ளே ஒவ்வொருவராகப் பலகையைப் படிப்பது கேட்குமாம். கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார். டாக்டர் அம்மா உடனே படம் எடுத்தார். நடுப்பார்வை இருக்கும் இடம் வீங்கிக் கிடக்கிறது, நாலைந்து மாதம் முன்பே தெரிந்திருந்தால் இன்னும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். போனது திரும்புமா என்று சொல்ல முடியாது, இருப்பதை நிறுத்திப் பார்க்கலாம், இனி மாதம் தவறாமல் ஊசி. அன்றைக்கே ஒன்று போட்டார்கள். இன்னும் இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் என்று நான் கேட்கத் தொடங்கினேன். டாக்டர் அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே பாதியில் விட்டுவிட்டேன்.

நேரமாகிவிட்டதால் அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே தங்கினோம். மறுநாள் காலையில் கட்டைப் பிரித்து மருந்து விட்டார்கள். அதற்குப் பிறகுதான் காரில் ஏறினோம். நான் சாவியைப் போடவில்லை.

"இன்னா தெரியுது உங்களுக்கு? உள்ளதைச் சொல்லுங்க."

"ஓரமெல்லாம் தெரியுது. நடுவுலதான் இல்ல. கொடத்தைப் பாத்தா கொடம் தெரியுது, வாய் தெரியல. உன்னைப் பாத்தா தலைமயிர் தெரியுது, கம்மல் தெரியுது. மூஞ்சி இல்ல."

"எப்பலேர்ந்து?"

"பொங்கலுக்கு அப்பறம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வண்டி ஓட்டறவகிட்ட இன்னாத்தைச் சொல்றது? எறங்கினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்." மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "நீ எறங்கவே இல்லியேம்மா" என்றார்.

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவும் முடியவில்லை. சித்திரையில் எனக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்குப் பல் போனதுகூடவா கண்ணில் படாது என்று, அதற்கப்புறம் சோறு போடும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து அவரை முறைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை முறைப்பும் வீண்.

"எனக்கு முன்னாடி பல்லு ஒண்ணு போயிடுச்சி" என்றேன்.

"எப்போ?"

"சித்திரையில."

"வலிச்சிதா?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வலிக்கவில்லை, ஆட்டம் கண்ட பல், தானாக விழுந்துவிட்டது என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"எந்தப் பல்லு?" என்று கேட்டார்.

அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.