ஏழரை மாதத்துக் குழந்தையின் தூக்கம்

எழுபதுகளின் கடைசியில், நாங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு குப்பத்தில் இருந்தபோது, என் மகள் ஏழரை மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்:

"முழிச்சிட்டிருந்தா பயமில்லம்மா. தூங்கும்போதுதான் பாத்துக்கணும். ரத்த ஓட்டத்தைச் சரிபண்ற நரம்பு இன்னும் முதிரல. தூக்கத்துல சட்டுனு நிமிர்த்தித் தூக்கினா இதயம் ஈடுகொடுக்காது. முகம் வெளுத்தா படுக்கவெச்சு உள்ளங்காலைத் தேய்ச்சு விடு."

அதற்குப் பிறகு என் பகல்களெல்லாம் அவளுடைய தூக்கத்துக்குள்தான் கழிந்தன. ஏரியில் பட்ட வெயில் கதவு வழியே வந்து கூரையின் உட்புறத்தில் அசைந்துகொண்டிருக்கும். அவளுடைய உச்சிக்குழி துடிக்கும். கொஞ்ச நேரம் வேகமாக, பிறகு எதையோ யோசிப்பதுபோல மெதுவாக. அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். விழித்திருக்கிறேனா, கனவு காண்கிறேனா என்று தெரியாது.

ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் இறால் பிடித்துவிட்டு வந்தார். நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தவளை ஆசையாகத் தோளுக்குத் தூக்கிவிட்டார்.

"இன்னாமே, கொயந்த வெளுத்துப் போவுது! ஓடியாமே!"

ஓடினேன். உதடு சாம்பல் பூத்திருந்தது. வாங்கிப் பாயில் கிடத்தி, உள்ளங்காலைத் தேய்த்தேன். ஒரு பெருமூச்சு விட்டாள். காதோரம் சிவப்பு ஏறி, மெல்ல முகமெங்கும் பரவியது.

பத்து நாள் அவர் அவளைத் தொடவேயில்லை. "என் கையி முரட்டுக் கையிமே, வாணாம்" என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"கையி இன்னா பண்ணுச்சி? அவசரந்தான் பண்ணுச்சி. வந்து படுங்க" என்றேன்.

மல்லாந்து படுத்தார். அவளை அங்குலம் அங்குலமாக நகர்த்தி அவர் மார்பில் கிடத்தினேன்.

"ஒண்ணும் ஆவாதே?"

"நான் பாத்துக்கினுதான் இருக்கேன்."

மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட அவர் விரட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் தூங்கிப்போனார். அந்த நீண்ட மூச்சின் மேல் அவளுடைய குட்டி மூச்சு ஏறி இறங்கியது. அன்று அவள் துடிப்பு தடுமாறவேயில்லை என்று தோன்றியது. உண்மையா, என் ஆசையா, இன்றும் தெரியாது.

ஆறு மாதம் கழித்து, தூங்கும் குழந்தையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "இனிமே இதயம் தானா பாத்துக்கும்" என்றார் டாக்டரம்மா. பட்டணத்திலிருந்து ரயிலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ்ஸில் திரும்பினோம். என் வீட்டுக்காரர் தோளில் அவள் தூங்கினாள். ஜன்னலில் தலைசாய்த்ததுதான் எனக்கு நினைவு.

"எயுந்திருமே, பயவேற்காடு வந்துடுச்சி" என்று அவர்தான் எழுப்பினார்.