விருந்தறை சீலிங்கைத் துளைத்த நாள்

முஹய்யோவுக்கு அந்தச் சந்தில் ஒரு பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அவள் மாவுத் தட்டோடு தந்தூர் அடுப்பை விட்டு நகர்ந்த பிறகு, பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சொல்வார்கள்: ரொட்டியை இறக்கினவள். மர்கிலான் ஊரில் ஒரு பெண்ணுக்கு இதைவிட மோசமான பெயர் வைக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. திருடி என்று சொல்லியிருந்தால்கூட நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம்.

ஊரை விட்டுப் போகிற பிள்ளை வாசலில் நின்று புது ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுப் போகவேண்டும். மிச்ச ரொட்டியை உயரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். அவன் திரும்பி வந்து தன் கையால் இறக்குகிற வரைக்கும் வேறு யாருடைய கையும் அதன்மேல் படக்கூடாது; பட்டால் போனவன் உயிரோடு திரும்பமாட்டான் என்பார்கள். அந்தச் சந்தில் ஆம்பிளைகளில் பாதிப்பேர் ருஷ்யாவில் இருக்கிறார்கள். அதனால் பாதி வீடுகளில் ஒரு ரொட்டி தொங்குகிறது. முஹய்யோவின் புருஷன் மஹ்காமும் அப்படித்தான் போனான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. அம்மா ஹோசியத் சுட்டுக் கொடுத்த ரொட்டியைக் கடித்தான், வாய் நிறைய மென்றுகொண்டே பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான், வண்டியில் ஏறிவிட்டான். ஹோசியத் அந்த ரொட்டியை வெள்ளைத் துணி நாடாவில் கட்டி, விருந்தறை விட்டத்தில் தொங்கவிட்டாள்.

அங்கே சம்பாதித்து அவன் முதலில் அனுப்பியதில், விருந்தறைக்கு வழவழவென்று வெள்ளை சீலிங் போடச் சொன்னான். பழைய மர விட்டங்களிலிருந்து மண் கொட்டிக்கொண்டே இருக்கும். வந்தவர்கள் தேநீர்க் கிண்ணத்தில் விழும். பக்கத்து வட்டாரத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்து, விட்டத்துக்கு ஒரு முழம் கீழே இரும்புச் சட்டம் அடித்து, ஜிப்சம் பலகை பொருத்தினார்கள். அந்த நேரம் பார்த்து ஹோசியத்தின் அக்கா கோகந்தில் இறந்துபோக, மாமியாரும் மருமகளும் துக்கத்துக்குப் போகவேண்டி வந்தது. ஓதில் என்கிற கொழுந்தன் அப்போது பட்டாளத்தில் இருந்தான். ஆக, வேலை நடந்தபோது வீட்டில் யாரும் இல்லை.

வீட்டைப் பெருக்கி வைக்க முஹய்யோ ஒரு நாள் முன்னால் திரும்பினாள். அந்த ஒரு நாள்தான் அவள் தலையில் விடிந்தது. பலகைத் துண்டும் வெள்ளைத் தூளும் மூட்டை மூட்டையாக அள்ளி வெளியே போட்டாள். மறுநாள் ஹோசியத் வந்து விருந்தறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாள். விட்டமும் இல்லை, ரொட்டியும் இல்லை. மருமகள் பக்கம் திரும்பி, குப்பையோடு குப்பையாக அள்ளிப் போட்டாயா, கோழிக்குப் போட்டாயா என்று கேட்டாள். முஹய்யோ சத்தியம் செய்தாள். வேலை செய்த அண்ணன் தம்பியோ அதற்குள் கஸகஸ்தானுக்கு வண்டி ஏறியிருந்தார்கள்; அவர்களுடைய பழைய எண் யாருக்கும் கிடைக்கவில்லை.

அத்தோடு போயிருந்தால் மாமியார் முணுமுணுப்பு என்று விட்டிருக்கலாம். அடுத்து வந்த குளிர்காலத்தில், ருஷ்யாவின் வடக்கே ஏதோ ஒரு ஊரில், பனி உறைந்த கூரையிலிருந்து மஹ்காம் சறுக்கி விழுந்தான். பெட்டியில் வந்தான். ஆண்கள் பெட்டியைத் தோளில் தூக்கியபோது ஹோசியத் வாசலைப் பிடித்துக்கொண்டு, ரொட்டியை இறக்கின கை விளங்குமா என்று கதறினாள். சந்து முழுக்க நின்று கேட்டது. பெயர் அன்றைக்கு ஒட்டியது.

அப்புறமும் முஹய்யோ அந்த வீட்டில்தான் இருந்தாள். அப்பா அம்மா இல்லை, பிள்ளை இல்லை, அண்ணன் வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் நிரம்பி வழிந்தார்கள். விடியுமுன் முற்றம் பெருக்கினாள், மாமியாருக்கு முழங்காலில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஹோசியத்தும் அவளைப் போ என்று சொல்லவில்லை. வெறுப்பதற்கும் ஒரு ஆள் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டியிருக்கிறது. இந்த வசந்தத்தில் ரிஷ்தானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்த பஸ் டிரைவர், அமைதியான ஆள் என்றார்கள். அவருடைய அத்தை சந்தில் விசாரித்தாள், ரொட்டிக் கதையைக் கேட்டாள், தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். ஓதிலுக்குக் கல்யாணம் முடிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். புது மருமகள் வருகிற வீட்டில் இப்படிப் பெயரெடுத்தவளுக்கு என்ன வேலை? முஹய்யோ தன் துணிகளை மடித்து வைக்கவும் ஆரம்பித்துவிட்டாள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: போவதற்குள் அந்தப் பெயர் கழன்றுவிட வேண்டும். அதற்கு வழியில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்காகத்தான் விளக்கு. பெண் வீட்டு விருந்தறையில் சீலிங்குக்குள்ளேயே பதித்த சின்னச் சின்ன விளக்குகள் நட்சத்திரம் மாதிரி எரிகின்றன, நம் வீட்டில் ஒற்றைத் தொங்குவிளக்கு அழுது வடிகிறது என்று ஓதில் பிடிவாதம் பிடித்தான். ஹோசியத் ஒப்பவில்லை. அது மஹ்காமின் சீலிங். அதில் ஒரு ஆணி அடிக்கக்கூட அவள் இதுவரை விட்டதில்லை. முன்பு ஒருமுறை, ரொட்டி மேலே மாட்டிக்கொண்டிருக்குமோ, ஒரு பலகையைக் கழற்றிப் பார்ப்போமா என்று முஹய்யோ கேட்டதற்கு, என் பிள்ளை போட்டதையும் பெயர்த்துப் போடப் பார்க்கிறாயா என்று பிடித்துக்கொண்டாள். ஆனால் இருக்கிற ஒரே பிள்ளை சாப்பிடாமல் படுத்தால் எந்த அம்மா தாங்குவாள்? மூன்றாம் நாள் சரி என்றாள்.

விளக்கு மாட்டுகிற மேஸ்திரி ஹம்தம் உஸ்தா காலையிலேயே ஏணியோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும், வாயாடி. கொத்தனார்களையெல்லாம் பொதுவாகத் திட்டிக்கொண்டே வேலை செய்கிற ரகம். ஓதில் பந்தலுக்குச் சொல்ல வெளியே போயிருந்தான். ஹோசியத் முற்றத்தில் திராட்சைப் பந்தலடியில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். முஹய்யோ மெத்தைகளின்மேல் பழைய துணி விரித்து மூடிவிட்டு, உஸ்தாவுக்குப் பச்சைத் தேநீர் வைத்தாள். அவர் நூல் பிடித்துக் கோடு போட்டார். சட்டம் எங்கே ஓடுகிறது என்று காந்தத் துண்டை சீலிங்கில் நகர்த்திப் பார்த்து, அதற்கு விலகி அடையாளம் வைத்தார். பிறகு வட்ட ரம்பத்தை மாட்டித் துளைத்தார். பில்லை பில்லையாகப் பலகை கழன்று விழுந்தது. அவர் மீசை வெளுத்தது. நாளைக்கு உங்கள் கொழுந்தனுக்குப் பதிலாக நான் மாப்பிள்ளையாகப் போனால், கிழவன் என்று பெண் வீட்டார் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். முஹய்யோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

துளைத்தபின், ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குக் கம்பியால் ஒயரைத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். நடு வரிசையில் கம்பி எதிலோ முட்டியது. உஸ்தா அங்கிருந்த துளைக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தார். செல்போன் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தார். மெதுவாக இறங்கி, கையை உடுப்பில் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, இந்த வீட்டுல யாராச்சும் பயணம் போயிருக்காங்களா?"

"யாரும் இல்ல. போனவரும் வந்துட்டாரு" என்றாள் முஹய்யோ.

அந்தக் குரலிலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப நீங்களே ஏறிப் பாருங்க" என்று போனைக் கொடுத்தார்.

அவள் ஏறினாள். துளைக்குள் வெளிச்சத்தைப் பிடித்துக் கண்ணை வைத்தாள். விட்டத்தில் அதே வெள்ளை நாடா. பலகையில் இடிக்காமல் இருக்க யாரோ அதை மேலே இழுத்துக் குட்டையாக முடிச்சுப் போட்டிருந்தார்கள். ரொட்டி தூசி படிந்து, சாம்பல் நிறத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. கடித்த பக்கம் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மஹ்காமுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். சின்ன வயதில் வாதுமை மரத்திலிருந்து விழுந்ததில் உடைந்தது. கடித்த வரிசையில் அந்த இடத்தில் மட்டும் மாவு ஒரு மேடாக நின்றது. போட்டோவில் எல்லாம் அவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். அவன் சிரித்தால் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. இப்போது ஞாபகம் வந்துவிட்டது. அவள் ஏணியில் நின்றபடியே அழுதாள்.

கீழே உஸ்தா தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்: "வழக்கம் தெரியாத ஆளுங்களா இருந்தா எடுத்து அலமாரில வெச்சுட்டுப் போயிருப்பாங்க. இவங்க தெரிஞ்சவங்க. பயணம் போனவன் ரொட்டி, எப்படிக் கை வைக்கிறதுன்னு அப்படியே மூடிட்டாங்க. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்." வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள் என்றார். இந்த முறை அவர் யாரையும் திட்டவில்லை.

அழுகை முடிவதற்குள் முஹய்யோவுக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை காலைகள், எத்தனை முணுமுணுப்புகள், ரிஷ்தான்காரி தொடாமல் வைத்துவிட்டுப் போன தேநீர். தெருக்கதவைத் திறந்து ஒருத்தி விடாமல் கூப்பிட வேண்டும், வரிசையாக ஏணியில் ஏற்றிக் காட்ட வேண்டும் என்று இருந்தது. முதலில் யாருக்குக் காட்ட வேண்டுமோ அவளைக் கூப்பிட்டாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

ஹோசியத் அரிசித் தூசியோடு வந்தாள். என்ன ஏது என்று யாரும் விளக்கவில்லை. உஸ்தா ஏணியைப் பிடித்துக்கொண்டார். முஹய்யோ மாமியாரின் வீங்கிய காலை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்தாள். மேலே போய், வெளிச்சம் பிடித்து, கிழவி பார்த்தாள். பிறகு போனை முஹய்யோவிடம் கொடுத்துவிட்டுத் துளைக்குள் கையை விட்டாள். ரொட்டியை வெளியே எடுக்க முடியாது, துளை சின்னது. விரல்கள் உள்ளே மெதுவாக நகர்வது மணிக்கட்டின் அசைவில் தெரிந்தது. உடைந்த பல்லின் இடத்தை அவை கண்டுபிடித்திருக்க வேண்டும்.

முஹய்யோ கீழே அவள் காலைக் கட்டிப் பிடித்தபடி காத்திருந்தாள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்ற ஒரு வார்த்தைக்காக. அதற்கு என்ன பதில் சொல்வது என்பதைக்கூட அவள் எப்போதோ யோசித்து வைத்திருந்தாள். பதில் அவ்வளவு இனிப்பாக இல்லை.

"இங்கயேதான் இருந்திருக்கு" என்றாள் ஹோசியத். "அவன் விழுந்த அன்னிக்கும் இங்கயேதான் தொங்கிருக்கு."

"ஆமாம்மா."

கிழவியின் விரல்கள் இன்னும் ரொட்டியின்மேலேயே இருந்தன.

"நீ எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும், பொண்ணே."

முஹய்யோவுக்குச் சுருக்கென்றது. பிடித்திருந்த காலை விட்டுவிட்டு வெளியே போயிருப்பாள். ஆனால் அந்தக் குரலில் குத்தல் இல்லை. இவ்வளவு காலமும் தினம் காலையில் கண் விழித்ததும் கிழவிக்கு, என் பிள்ளை ஏன் விழுந்தான் என்று ஒரு கேள்வி வரும், அதற்கு ஒரு பதிலும் பக்கத்திலேயே முற்றம் பெருக்கிக்கொண்டிருக்கும். இன்று பதில் போய்விட்டது, கேள்வி இருக்கிறது. அப்போதுதான் முஹய்யோ தன்னுடைய வயிற்றிலும் அதே கேள்வி கிடப்பதைக் கண்டாள். நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்துகொண்டே, எலியோ, கொத்தனாரோ, யாரோ எடுத்திருக்கிறார்கள், அதனால்தான் அவன் விழுந்தான் என்று அவளும் நம்பித்தான் இருந்தாள். யாரும் எடுக்கவில்லை. ரொட்டி தொங்க வேண்டிய இடத்தில் தொங்கியது, செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகியிருந்தது, அவன் விழுந்தான். நிரபராதி ஆனதில் அவளுக்குத் துளி சந்தோஷம் இல்லை.

சந்துக்குச் சொல்ல வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு வீண் என்று பட்டது. கிழவியின் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எடுத்ததாவே இருக்கட்டும்மா. உஸ்தா விளக்கை மாட்டி மூடிடுவாரு. யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. நானும் ஊருக்குப் போயிடுவேன். எப்பவும் போல என்னையே சொல்லிக்கங்க."

உஸ்தா சுவரைப் பார்த்து நின்றார்.

ஹோசியத் துளையிலிருந்து கையை எடுக்கவில்லை. நெற்றியை அந்த வெள்ளைப் பலகைமேல் சாய்த்துக்கொண்டாள். முக்காடு நழுவி மருமகளின் தோளில் விழுந்தது.

"கை வெச்சுப் பாத்துட்டேனே" என்றாள். "இனிமே உன்னை எப்படிச் சொல்றது?"