குடைக்காரியின் தம்பி

குடைக்காரி என்றால் அந்தத் தெருக்களில் தெரியாதவர் கிடையாது. வெயிலோ மழையோ, சிவப்புக் குடை ஒன்றைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருபது வெளியூர்க்காரர்களை இழுத்துக்கொண்டு, பேக்கரித் தெரு, மீன் சந்தை, தையல்காரர் பேட்டை, கப்பல்காரர் குடியிருப்பு என்று பதினோரு வருஷமாக ஊரைச் சுற்றிக் காட்டியவள். எந்தத் தெருவில் எத்தனை பாஷை பேசுகிறார்கள், எந்தக் கடை சூப்பில் மிளகு தூக்கல், பூங்காவில் எந்த மாதம் பூக்காட்சி, ஏரிக்கரையில் எந்த மாதம் விளக்கு அலங்காரம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

அவள் பின்னால் போகும் கூட்டத்தில் கடைசி ஆளாக, மூன்றடி தள்ளி ஒருவன் வருவான். முப்பத்தெட்டு வயது, இஸ்திரி போட்ட சட்டை, மூக்குக்கண்ணாடி, காதோரம் நரை. பார்த்தால் பெரிய உத்தியோகத்திலிருந்து லீவு போட்டுவிட்டு ஊர் பார்க்க வந்தவர் என்றுதான் தோன்றும். அவன் அவளுடைய தம்பி. உடம்புக்குத்தான் வயது ஏறியது. மனசு ஆறு வயதில் நின்றுவிட்டது. கடைக்காரர்கள் அவனை ஜட்ஜ் என்பார்கள். ருசி பார்க்கக் கொடுத்ததை வாயில் போட்டுக் கண்ணை மூடி, வழக்கு விசாரிக்கிறவர்போல வெகுநேரம் மென்றுவிட்டு, நல்லாருக்கு என்பான். வேறு தீர்ப்பு அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. அப்படியும் ஒவ்வொரு கடைக்காரரும் கரண்டியும் கையுமாக அதற்காகக் காத்து நிற்பார். மனுஷனுக்கு ஒரு நல்ல வார்த்தை எவ்வளவு தேவைப்படுகிறது பாருங்கள்.

அம்மா போய்ச் சேர்ந்த புதிதில், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் அவனை விட்டுப் பார்த்தாள். நல்ல இடம்தான். சுத்தமான கட்டில், வேளைக்குச் சாப்பாடு. ஆனால் மகாராசன் வாயைத் திறக்கவில்லை. பேசவும் இல்லை, தின்னவும் இல்லை. ஒன்பதாம் நாள் அவள் போய்ப் பார்த்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், விலா எலும்பை எண்ணிவிடலாம்போல. அன்றைக்கே கையோடு அழைத்து வந்துவிட்டாள். மறுபடி அவனை அங்கே விடுவதற்கு நான் செத்துப்போகலாம் என்று பக்கத்து அறைக்காரியிடம் சொல்லி அழுதாள். அவர்களுக்கு இருந்தது மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. பூட்டிவிட்டுப் போனால் கதவில் தலையை முட்டிக்கொள்வான். பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. அவளைப் பெண் கேட்டு வந்தவர்களும் அவனைப் பார்த்ததும் செருப்பைத் தேடியவர்கள்தான்.

அதனால் அவனை வேலைக்கே கூட்டிக்கொண்டு போனாள். அதில்தான் வம்பு. சொந்தக்காரர்களைப் பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்பது கம்பெனியின் கறாரான சட்டம். போன குளிர்காலத்தில் ஒரு கைடு தன் மாமியாரை விளக்கு அலங்காரம் பார்க்க ஏற்றிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் மேனேஜர். இந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் குடைக்காரி இந்த வேலையில் சேர்ந்த புதிதிலேயே தம்பியை அறைக்குள் வைத்து ஒரு மாதம் பழக்கினாள், பிஸ்கட் பாக்கெட்டும் சிவப்புக் குடையுமாக. குடை விரிந்திருந்தால் அவள் மேடம். கிட்ட வரக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது, இவங்க யாரு என்று எவர் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும். பஸ்ஸுக்குள்ளும் அப்படித்தான். குடையை மடக்கினால் அக்கா. விரித்தால் மேடம், மடக்கினால் அக்கா. சரியாகச் சொன்னால் ஒரு பிஸ்கட். பெற்றவள் இடத்தில் இருந்துகொண்டு, என்னைத் தெரியாதென்று சொல்லடா என்று பழக்குகிறோமே என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது. வலித்தாலும் பழக்கினாள்.

பஸ்ஸில் கடைசி சீட்டின் ஸ்பிரிங் போய்விட்டது. யாரும் உட்கார மாட்டார்கள். அங்கேதான் அவன் இடம். அவள் கட்டிக்கொண்டு வரும் மதியச் சாப்பாட்டில் பாதி டிரைவருக்குப் போய்விடுவதால், டிரைவருக்கு எதுவும் தெரியாது.

சாயங்காலம் கூட்டத்தை அனுப்பிவிட்டு, பஸ் ஷெட்டுக்குப் பின்னால் போய்க் குடையை மடக்குவாள். அடுத்த நொடி ஓடிவந்து அவள் பையை வாங்கிக்கொள்வான். தினமும் ஒரே கேள்வி: "அக்கா, நாளைக்கு எந்தத் தெரு?" அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் படுக்கையில் புரண்டுகொண்டே கிடப்பான். மீன் சந்தை என்றால் மீன் சந்தை, மீன் சந்தை என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போவான்.

கைடு வேலைக்கு உயிர்நாடி தலை எண்ணுவது. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு தடவை, ஏறினால் ஒரு தடவை. தம்பியைச் சேர்த்து எண்ணிவிட்டால் மேனேஜரிடம் சொல்லும் கணக்கு இடிக்கும். ஆரம்பத்தில் எல்லோரையும் எண்ணிவிட்டு ஒன்றைக் கழித்தாள். போகப் போக, கழிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. கண் தானாகவே அவனைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது.

அன்றைக்குப் பூக்காட்சியின் கடைசி நாள். ஊரே பூங்காவில் திரண்டிருந்தது. மற்ற நாட்களில் ஆளுக்கொரு பக்கமாகப் போகும் கம்பெனி கைடுகள் ஆறு பேரும் அன்று அங்கேதான். ஆறு பேர் கையிலும் ஒரே மாதிரி சிவப்புக் குடை. வாசலில் மேனேஜரே நின்று எல்லோருக்கும் கைகூப்பிக்கொண்டிருந்தார். பதினோரு மணி வாக்கில் தூறல் போட்டதும், ஜனங்கள் திமுதிமுவென்று கண்ணாடிக் கூடாரத்துக்குள் புகுந்தார்கள். உள்ளே மூச்சு விட இடமில்லை. ஒருவழியாகத் தன் கூட்டத்தைத் திரட்டி வெளியே கொண்டுவந்து, பஸ் படியில் நின்று எண்ணினாள். இருபத்திரண்டு. கணக்கு சரி. வண்டி கிளம்பியது.

துறைமுக மேட்டில் ஏறும்போது மேனேஜரிடமிருந்து போன் வந்தது. ஆள் யாராவது குறைகிறார்களா என்று எல்லாக் கைடுகளிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் திரும்பி இன்னொரு தடவை எண்ணினாள். இல்லை சார், இருபத்திரண்டும் சரியா இருக்கு என்றாள். எந்தக் கைடு இப்படிக் கோட்டை விட்டாளோ என்று உச்சுக்கொட்டவும் செய்தாள். கூட்டத்திலிருந்த ஒரு கிழவர் கப்பலைக் காட்டி என்னமோ கேட்க, அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

பேக்கரித் தெருவில் இறங்கினார்கள். ரொட்டிக்காரம்மா வழக்கம்போல அடுப்பிலிருந்து தட்டை இழுத்து, சுடச்சுடத் துண்டு போட்டு ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகும் அவள் கையில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஜட்ஜ் எங்க?" என்றாள்.

குடைக்காரி திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸுக்கு ஓடினாள். கடைசி சீட் காலி. ஏறியிருப்பான் என்றுதான் நினைத்தேன் என்று டிரைவர் தலையைச் சொறிந்தார். பஸ்ஸுக்கும் கடைக்குமாக அலைந்தாள். ரொட்டிக்காரம்மாதான் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, இந்த இருபத்திரண்டு பேரையும் நான் பார்த்துக்கொள்கிறேன், அடுப்பைக் காட்டுகிறேன், மாவைக் காட்டுகிறேன், நீ முதலில் போ என்று தள்ளிவிட்டாள்.

டாக்சியில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் போன் விஷயம் உறைத்தது. குறைந்த ஆள் அவன்தான். அவனைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். அவளோ வாய் நிறைய, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். மேனேஜரைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஆரம்பத்தில் நாலு பொய்யை யோசித்து வைத்தாள்: தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை, வழியில் ஏறிக்கொண்ட ஆள். கொஞ்ச தூரத்தில் பொய்யெல்லாம் மறந்துபோய், அவன் இருந்தால் போதும், அவன் உயிரோடு இருந்தால் போதும் என்று மட்டும் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. இறங்கிக் குடையை விரித்து, எட்டி எவ்வளவு உயரத்துக்குப் பிடிக்க முடியுமோ அவ்வளவு உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கூட்டத்தில் எங்கிருந்தாலும் குடையைத்தான் அவன் பார்ப்பான்.

நடந்தது இதுதான். கண்ணாடிக் கூடாரத்து நெரிசலில் அவன் பக்கத்தில் இருந்த சிவப்புக் குடைக்குப் பின்னால் போயிருக்கிறான். அது வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத புதுக் கைடுப் பெண்ணின் குடை. அவள் தன் கூட்டத்தை எண்ணினால் ஒரு தலை கூடுதலாக வந்தது. மூன்று தடவை எண்ணியும் கூடுதலாகத்தான் வந்தது. யார் நீங்கள், யாரோடு வந்தீர்கள் என்று அவனைக் கேட்டாள். அவன் தெரியாது, தெரியாது என்று தலையாட்டினான். பயந்துபோய், காணாமல் போனவர்களுக்கான கூடாரத்தில் அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மேனேஜருக்குச் சொல்லிவிட்டாள். பாவம், அந்தப் பெண்மேல் தப்பில்லை. எண்ணத் தெரிந்தவள்.

பூங்கா வாசலில் நீல வேன் ஒன்று என்ஜின் ஓடிக்கொண்டிருக்க நின்றது. கதவில் எழுதியிருந்ததை அவள் படிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இல்லத்து வேனை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆள் குறையவில்லை என்று எல்லாக் கைடுகளும் சொல்லிவிட்டதால் அங்கே சொல்லியனுப்பிவிட்டார்கள்.

காணாமல் போனவர்கள் கூடாரத்துக்குள் மடக்கு நாற்காலியில், முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே தட்டில் யாரோ கொடுத்த கேக் தொடாமல் இருந்தது. குடையைப் பார்த்ததும் எழுந்தான். முகம் அப்படியே மலர்ந்தது. உடனே பாடம் ஞாபகம் வந்துவிட்டதுபோல் முகத்தை இறுக்கிக்கொண்டான். அவள் பக்கத்தில் வந்து, சரியாக மூன்றடி தள்ளித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கூடாரத்தில் இருந்தது மேனேஜரும், படிவத்தோடு விழாக் குழு அம்மாள் ஒருத்தியும், வேனில் வந்த ஆள் ஒருவரும்.

"இவன் என் தம்பி சார்," என்றாள்.

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இருபத்திரண்டும் சரியா இருக்குன்னுதானே போன்ல சொன்ன?"

"சரியாத்தான் இருந்துச்சு சார். இவனை நான் எண்ணுறதே இல்லை."

சொல்லி முடித்ததும் அவளுக்கே அந்த வார்த்தை தாங்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். விழாக் குழு அம்மாள் நல்லவள்தான், ஆனால் சட்டம் தெரிந்தவள். யார் வேண்டுமானாலும் வந்து என் தம்பி, என் அண்ணன் என்று சொல்லலாம், தன் பேரைக்கூடச் சொல்லாத ஆளை எப்படி ஒப்படைப்பது, அவர் வாயால் சொல்லட்டும் என்றாள். அவனிடம் திரும்பி, பச்சைக் குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுதா?"

அவன் குடையைப் பார்த்தான். விரிந்திருந்தது.

"தெரியாது. கைடு மேடம்."

பதினோரு வருஷத்தில் அவனிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. முதல் தடவையாக, ஒரு சொல் பிசகாமல் பாடத்தை ஒப்பித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். பிஸ்கட்டுக்காகப் பார்த்தான்.

வேன்காரர் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

வண்டிக்குள் தவிர, கைடு ஒருத்தி பயணம் முடியும் முன்னால் குடையை மடக்கக் கூடாது. மடக்கினால் கூட்டத்தைக் கைவிட்டதாக அர்த்தம். அதற்கு மேல் அந்தக் கம்பெனியில் அவளுக்கு இடமில்லை. மேனேஜர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனால் வாடகை அறை போகும், அறை போனால் அந்த நீல வேன் என்றைக்காவது மறுபடி வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. என்றைக்காவதுதானே, இன்றைக்கு இல்லையே என்று குடையை மடக்கினாள்.

"அக்கா," என்று ஓடிவந்து அவள் தோளிலிருந்த பையை உருவிக்கொண்டான். "அக்கா, பசிக்குது. எங்க போயிட்ட?"

விழாக் குழு அம்மாள் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேன்காரர் பேனாவை மூடினார். மேனேஜர் மட்டும் சத்தம் போடவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது காலில் விழுந்திருக்கலாம். பேக்கரித் தெருவில் இருபத்திரண்டு பேர் காத்திருக்கிறார்கள், நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று குடையைக் கேட்டுக் கையை நீட்டினார். பதினோரு வருஷம் பிடித்துப் பிடித்து வழவழத்துப்போயிருந்த கைப்பிடி. கொடுத்துவிட்டாள்.

வெளியே தூறல் நிற்கவில்லை. மேனேஜர் கூடாரத்தை விட்டு இறங்கிக் குடையை விரித்தார்.

தம்பி பையைக் கீழே போட்டான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வேகமாகப் போய், மேனேஜருக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நடக்க ஆரம்பித்தான். அவள் சேற்றில் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் இங்க இருக்கேன்டா. அது நம்ம குடை இல்லை."

அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொள்ளப் பார்த்தான். யாராவது கவனிக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, காதோடு சொன்னான்.

"கையைப் பிடிக்கக் கூடாது மேடம். குடை விரிச்சிருக்கு."

அவள் விடவில்லை. அழுகையை அடக்கவும் இல்லை. சிவப்புக் குடை பூங்கா வாசலைத் தாண்டி, பஸ்களுக்கு நடுவே புகுந்து மறைகிறவரை அவன் கையை இறுக்கிப் பிடித்தபடி மழையில் நின்றாள். அது மறைந்த பிறகு அவன் திரும்பிப் போய்ப் பையை எடுத்தான். அதிலிருந்த சேற்றைத் தன் சட்டையிலேயே துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"அக்கா, நாளைக்கு எந்தத் தெரு?"

ஊரில் அவளுக்குத் தெரியாத தெரு கிடையாது. ஒன்றின் பேரும் அவள் வாயில் வரவில்லை.